அரிசியைப் பழைய விலாசத்துக்கே அனுப்பு

உ
சிவமயம்

வெள்ளவத்தை, கொழும்பு.
சித்திரபானு வருடம், வைகாசி மாதம் 12ஆந் தேதி, திங்கட்கிழமை.

மட்டுவிலில் இருக்கும் என் தம்பி முத்துலிங்கத்துக்கு அக்கா நாகமுத்து எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று பண்டித்தலைச்சி அம்மாளை நேர்ந்துகொள்கிறேன். இருபத்துமூன்று வருடம் சுகம் கேளாதவள் இன்றைக்குக் கேட்கிறாளே, என்ன தேவைக்கோ என்று உன் பெண்சாதி அன்னபாக்கியம் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவாள். தேவைக்குத்தான். அவள் மூளையைப் பாவித்துக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாமென்று நானே முதலில் எழுதிவிட்டேன்.

நீ எனக்குச் செய்த நல்லதை நான் மறந்தவள் அல்ல. என் மகளின் கலியாணத்துக்கு ஒரு வெள்ளைப் பாலாட்டை ரெயிலில் ஏற்றி அனுப்பினாய். நல்ல ஆடு, காலையும் மாலையும் பால் தந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போகும் குணம் மட்டும் அன்னபாக்கியத்தின் வளர்ப்பு. அதே கலியாணத்தில் பந்தியில் இருந்துகொண்டு, "கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் காணாது" என்று பதினாறு பேர் கேட்கச் சொன்னவளும் அவள்தான். மற்ற நல்லதுகள் நினைவுக்கு வந்தால் கடைசியில் எழுதுகிறேன்.

இனித் தேவையைச் சொல்கிறேன். பத்மாவதிக்கு நிறைமாதம். அவள் என் மகளின் மூத்த பெண், பிறந்தபோது நீ பார்க்க வராத பிள்ளை. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய தாய் மலாயாவில், சிரம்பானில். மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்த பிறகு அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கிறாளா இல்லையா என்று பத்மாவதி என்னைக் கேட்பதில்லை, நானும் அவளைக் கேட்பதில்லை. தபால்காரன் மணி அடித்தால் இரண்டு பேரும் எழும்புகிறோம், அவன் அடுத்த வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் இருக்கிறோம். ஆகவே இந்த வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்க நான் ஒருத்தி. மருத்துவிச்சி வந்து பிள்ளையை எடுத்துத் தந்துவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு நாளும் தாயை எழுப்பி நிறுத்துவது சாப்பாடு. மஞ்சள், மிளகு, மல்லி, உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் வைத்துக் காயச் சரக்கு அரைத்து, பால்சுறாக் கறி காய்ச்சி, மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோற்றோடு கொடுக்கவேண்டும். எங்கள் அம்மா உன் பெண்சாதிக்கே மூன்று பிள்ளைக்கும் அம்மியில் அரைத்துக் கொடுத்தவ. அவள் அதற்கும் உப்புக் காணாது என்றாளோ தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், பத்மாவதி பிறந்தபோது அவளுடைய தாய்க்கு இது ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாவது மகாயுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது, அரிசிப் பஞ்சம். அந்த நேரம் நாங்கள் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு மாதம். ஊருக்குப் போன ஐயரிடம், "தம்பியைக் கண்டால் ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் சரக்கும் அனுப்பச் சொல்லுங்கோ" என்று வாய்ச்சொல்லாய்ச் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதவில்லை. எழுதினால் அன்னபாக்கியம் வாசிப்பாள். நாங்கள் வீடு மாறியதையும் உங்களுக்கு அறிவிக்கவில்லை, அதுவும் அவளால்தான். ஐயர் உன்னைக் கண்டார், சொன்னார். நான் ஒரு மாதம் வாசலைப் பார்த்தேன். அரிசி வரவில்லை. என் மகள் கூப்பன் அரிசிக் கஞ்சியைக் குடித்து, காய்ச்சலில் விழுந்து, ஆறு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றோடு எனக்குத் தம்பி இல்லை என்று சொன்னேன். இதையெல்லாம் நீ அறிவாய். நீ என்ன செய்தாய்? ஏழு வருடம் கழித்துச் சின்னையாவின் செத்தவீட்டில் என் காதில் விழும்படி, "வாங்கித் தின்டுட்டு வாய் துறக்காத சனம்" என்றாய். அனுப்பாத அரிசியை நான் எப்படித் தின்றேன் என்று பதினாறு வருடம் யோசித்திருக்கிறேன். பொறு, அதற்கு வருகிறேன்.

இந்தப் பங்குனி மாதம் கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு காலை நான் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்க, துறைமுகப் பக்கம் குண்டு விழுந்தது. நீயும் பேப்பரில் வாசித்திருப்பாய். குண்டு விழுந்தது ஒரு காலை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு ஊர்களுக்கு ஓடிவிட்டார்கள். கடைக்காரர் ஓடினார்கள், கோட்டை ஸ்டேஷனில் சனம் ரெயில் பெட்டிக்கு மேலேயும் ஏறிப் போனது. பத்மாவதியின் புருஷன் நவரத்தினம் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஒரு வாரம் கழித்து முகம் தொங்க வந்து நின்றான்.

"அம்மம்மா, வெளியில கப்பல் நிக்குது. உள்ளுக்கை கொண்டரப் பயப்பிடுறாங்கள். கொண்டந்தாலும் இறக்க ஆக்கள் இல்லை."

"அப்ப நீ போய் இறக்கன்."

"நான் கிளாக்கர் எல்லே, அம்மம்மா."

"கிளாக்கருக்கு முதுகு வைக்காமலே கடவுள் படைச்சவர்?"

யுத்தத்தால் தபால் கந்தோரில் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான். ஆகவே இதை உடைத்துப் பார்க்கும் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: கப்பலைப் பற்றி நான் எழுதியதை வெட்டினால் வெட்டுங்கோ, அரிசியைப் பற்றி எழுதியதில் கை வைக்காதேயுங்கோ, உங்களுக்கும் ஒரு தாய் சரக்கு அரைத்துத் தின்றுதான் பெற்றிருப்பா.

இனி மர்ஸூக்கின் கடை. காலி வீதியில் இருபது வருடமாக எங்களுக்கு அரிசி, சரக்கு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்த ஒரு கடைதான். அவனிடம் மஞ்சள் கேட்டேன். வெறும் தகரப்பேணியைக் கவிழ்த்துக் காட்டினான்.

"ஆச்சி, மஞ்சள் தூத்துக்குடியால வரணும், அரிசி ரங்கூனால வரணும். ரங்கூன் ஜப்பான்காரன்ட கையில ஈக்கி. தோணி ஒண்ணும் வரல்ல. நான் என்னத்த நிறுத்துத் தர?"

"மிளகு?"

"மிளகு கண்டிப் பக்கமால வரும். லொறியெல்லாம் ஆமிக்காரன் எடுத்துட்டான்."

"உள்ளி?"

"ஆச்சி, கடையில இப்ப நானும் தராசும்தான் ஈக்கிறம்."

வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கடை இல்லாமலில்லை. மூலைக் கடைக்காரன் எட்டு வருடத்துக்கு முன்னால் மிளகில் பப்பாசி விதை கலந்தவன், அன்றோடு அந்தப் படி ஏறுவதில்லை. அதற்கு அடுத்தவன் என்னைக் "கிழவி" என்றவன். கோயிலடிக் கடைக்காரனுடைய தாய் என் மகளின் காய்ச்சலைப் பார்க்க வெறுங்கையோடு வந்தவள். பாலத்தடியில் ஒரு முதலாளி இருக்கிறான், அவனுடைய தமையன் நவரத்தினத்துக்கு வேறு பெண் பேசித் திரிந்தவன். எண்ணிப் பார்த்தேன் தம்பி, வெள்ளவத்தையில் நான் முகம் கொடுத்துக் கதைக்கும் கடை மர்ஸூக்குடையது ஒன்றுதான், அதில் ஒன்றும் இல்லை. கப்பல் நின்றதால் கொழும்புக்குச் சாமான் வராமல் போனது. எங்கள் வீட்டுக்கு வேறு வழியால் வரக்கூடிய சாமானும் வராமல் போனது கப்பலால் அல்ல.

கூப்பனுக்கு ஒரு அரிசி தருகிறார்கள். கழுவினால் பாதி தண்ணீரோடு போகிறது, மிச்சத்தில் புழுக்க மணம். கோதுமை மாவும் தருகிறார்கள், பிள்ளைப்பேற்றுக்காரிக்கு றொட்டி சுட்டுக் கொடுத்தால் வயிறு என்னத்துக்கு ஆகும்? யோசித்துப் பார். ரங்கூனில் ஒருவன் விதைத்து, வேறொருவன் கப்பலில் ஏற்றி, இன்னொருவன் இங்கே முதுகில் இறக்கி வந்ததை இத்தனை வருடம் நாங்கள் தின்றிருக்கிறோம். நடுவில் ஒருத்தன் பயந்து ஓடினால் வெள்ளவத்தையில் பானை வெறும் பானை. சொந்தத் தம்பி விதைத்தது மட்டுவிலில் கிடக்கிறது.

இந்த நிலையில் ஒரு காலை சீனியம்மா வந்தாள். ஹெந்தளையிலிருந்து தலைச்சுமையாய் மீன் கொண்டு வருகிறவள். கடலில் இன்னும் வள்ளம் இறக்குவதாகச் சொன்னாள். "பிள்ளை பொறக்கட்டும் பாட்டி, பால்சுறா நான் கொண்டாந்து தாரேன், அதுக்கு யோசிக்காதே" என்றாள். சரக்கைப் பற்றிக் கேட்டேன். "கொட்டாஞ்சேனையில ஒரு அம்மா வச்சிருக்கு. பைறோஸான்னு பேரு. மஞ்சள், மல்லி, எல்லாம் சாடி சாடியா. நான் மீன் குடுத்து மாத்திக்கிறேன்" என்றாள். எந்த ஒழுங்கை என்று கேட்டேன். சொன்னாள். அது நாங்கள் முன்பு குடியிருந்த ஒழுங்கை. பைறோஸா, அடுத்த வீட்டுப் பீபியின் மகள்.

பீபியின் கதையை உனக்கு நான் சொல்லியிருக்கமாட்டேன், உன்னைத் தவிர எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் முற்றத்துப் பாயில் வடகம் காயவைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள், பாய் முழுவதும் தின்று முடிந்தது. வெள்ளை வால் ஒன்று பீபியின் வேலிப் பொட்டுக்குள்ளால் போனதை இந்தக் கண்ணால் கண்டேன். "உன்ர ஆடு" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியா அக்கா" என்றாள். தெரியாதாம்! அந்த மாதமே வீடு மாறினோம். இனி அவள் கையால் தண்ணீரும் வாங்குவதில்லை என்று சபதம் செய்தேன். பிறகு பஞ்ச காலத்தில், என் மகள் பிள்ளை பெற்றுப் பத்தாம் நாள், பீபி ஒரு மாட்டு வண்டிலில் அரிசி மூட்டையோடு வெள்ளவத்தை வாசலில் வந்து நின்றாள், பக்கத்தில் ஒரு சிறு பெட்டை, பச்சைத் தாவணி.

"அக்கா, இத எறக்கச் சொல்லுங்க" என்றாள்.

"வடகத்துக்கு அரிசியோ? வண்டிலைத் திருப்பு."

"மூட்டைய ஒருக்காப் பாருங்க அக்கா, குறி ஈக்கி."

"உன்ர மூட்டையை நான் ஏன் பாக்கிறன்? திருப்படா வண்டிலை!"

வண்டில்காரன் திருப்பினான். இந்தக் கதையைக் கலியாண வீடு, செத்தவீடு, கோயில் மண்டபம் ஒன்றும் விடாமல் இருபத்துமூன்று வருடமாகச் சொல்லி வந்தேன். பஞ்சத்திலும் படலைக்கு வந்த அரிசியைத் திருப்பியவள் நாகமுத்து என்று என்னைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் ஆசை, பேசினார்கள்.

அப்படிப்பட்ட ஒழுங்கைக்குப் பத்மாவதியின் வயிற்றை நினைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை போனேன். வெறுங்கையோடு போகவில்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு நான் வருடா வருடம் உப்புப் போட்டு அடைத்துவைக்கும் பழம்புளியில் ஒரு முட்டி கொண்டுபோனேன். ரெயிலில் கோட்டை வரைக்கும், பிறகு நடை. ட்ராம் இருக்கிறது, கண்டக்டர் ஒருத்தன் எனக்குச் சரியான மரியாதை தராத நாள் முதல் நான் ட்ராமில் ஏறுவதில்லை. கொட்டாஞ்சேனையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டாத கதவில் தட்டினேன். முப்பது கழிந்த ஒரு பெண் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெள்ளவத்த ஆச்சி தானே? வண்டிலத் திருப்பின ஆச்சி?"

"நீ ஆர்?"

"வண்டில்ல ஈந்த புள்ள. உள்ளுக்கு வாங்க. உம்மா மௌத்தாகி ஆறு வருஷம். கடைசி மட்டும் உங்களத்தான் சொல்லிக்கிட்டே ஈந்தா."

"என்னெண்டு?"

"அந்த ஆச்சிட மகள் எழும்பி நடந்தாவோ தெரியாண்டு."

நான் உள்ளே போய் இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தாள், வாங்கிக் குடித்தேன், சபதம் நினைவுக்கு வந்தது குடித்த பிறகுதான். புளியையும் காட்டி மஞ்சளையும் கேட்டேன். அவள் எடுக்க அறைக்குள் போனாள். ஒவ்வொரு சரக்கும் இரண்டு சாடி. ஒன்று முடிகிற முன்னமே மற்றதை நிரப்பவேண்டும் என்பது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு பீபி பிடித்த பழக்கமாம். நான் புளி அடைத்த அதே வருடம். மல்லிச் சாடியின் வாயை ஒரு பழைய சாக்குத் துண்டால் மூடிக் கட்டியிருந்தாள். அதை அவிழ்த்து நிலத்தில் போட்டாள். அதில் தாரால் ஒரு குறி. வட்டத்துக்குள் சூலம், சூலத்தின் வலது முனை வளைவு. எங்கள் அப்பா மாட்டுக்குச் சுட்ட குறி தம்பி, வலது முனை வளைந்த குறிசுடும் கம்பி மட்டுவிலில் உன் வீட்டுக் கோடிக்குள்தான் கிடக்கிறது.

"இந்தச் சாக்கு எங்கால?" என்று கேட்டேன்.

"இதுதானே ஆச்சி அந்த மூட்ட. உங்க தம்பி அனுப்பினது. பழைய வீட்டு விலாசத்துக்கு ரெயில்ல வந்திச்சி. அங்க ஆள் இல்லாததால எங்கட வீட்டுல எறக்கினாங்க. உங்க சாமான் ஏத்தின வண்டில்காரனத் தேடிப் புடிச்சி, உம்மா கூட்டிக்கிட்டு வந்தா. நீங்கதான் பாக்கல்லியே."

"பிறகு?"

"திருப்பி அனுப்ப அவர்ட விலாசம் தெரியா. நீங்க வருவீங்கண்டு மூணு மாசம் வெச்சீந்தா. வண்டு விழ ஆரம்பிச்சிச்சி. நோம்பு வந்திச்சி. மாசம் முழுக்கக் கஞ்சி காச்சித் தெருவுக்கே குடுத்தா. உங்க பேர்லதான் குடுத்தா ஆச்சி."

தம்பி, ஒருவரையும் மறக்காமல் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருப்பவள் என்று எனக்குப் பெயர். பீபியின் மூட்டையை வைத்திருந்தேன், நீ அனுப்பாத மூட்டையையும் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருபத்துமூன்று வருடம் பார்த்தவளுக்கு, இரண்டும் ஒரே மூட்டை என்று தெரியவில்லை. அந்த வண்டில் நின்ற இடத்துக்கும் என் மகள் படுத்திருந்த பாய்க்கும் நடுவில் ஒரு படலையும் ஒரு விறாந்தையும்தான். இதை அவளுக்குச் சொல்லவேண்டும். சொல்லச் சிரம்பானுக்குத் தபால் இல்லை.

செத்தவீட்டில் நீ சொன்னதன் அர்த்தமும் இப்போது விளங்குகிறது. நீ சொன்னது சரி, எனக்குத் தெரியாமல் போனதும் சரி. வயதில் மூத்தவள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், மன்னித்துக்கொள். அன்னபாக்கியத்திடமும் கேட்டதாகச் சொல். அன்றைய கறிக்கு உப்புக் கொஞ்சம் குறைவுதான்.

மஞ்சள், மல்லி, உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் பைறோஸா தந்தாள். புளியை வேண்டாம் என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சுறாவுக்குச் சீனியம்மா இருக்கிறாள். மூலைக் கடைக்காரனிடம் சனிக்கிழமை போய் மிளகு வாங்கினேன். பப்பாசி விதை இருக்கிறதா என்று அவன் முன்னாலேயே பொறுக்கிப் பார்த்தேன், இல்லை. மிச்சமாய் வேண்டியது அரிசி ஒன்றுதான். மொட்டைக்கறுப்பன், ஒரு மூட்டை, முடிந்தால் ஒரு போத்தல் நல்லெண்ணெயும். அரிசியை ரெயிலில் ஏற்றப் பெர்மிட் வேண்டுமாம், விதானையாரிடம் பிள்ளைப்பேற்றுக்கு என்று சொல். வெள்ளவத்தைக்கு அனுப்பாதே. பைறோஸாவின் மச்சான் மருதானை ஸ்டேஷனில் வண்டில் வைத்திருக்கிறான். ஆகவே கொட்டாஞ்சேனைப் பழைய விலாசத்துக்கே அனுப்பு, சாக்கில் குறியைப் பெரிதாய்ப் போடு. இந்த முறை வண்டில் வந்தால் படலை திறந்திருக்கும்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வயல் விளைந்து, கிணறு ஊறி, வீடு நிறைய அம்மாள் அருள் செய்யட்டும். அன்னபாக்கியத்துக்கும் அதில் ஒரு பங்கு.

இப்படிக்கு,
உன் அக்கா,
நாகமுத்து

பிற்குறிப்பு: இதைத் தபாலில் போட நவரத்தினத்திடம் கொடுக்கமுன் பத்மாவதிக்கு வலி கண்டுவிட்டது. நேற்றுச் செவ்வாய்க்கிழமை விடிய, பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம், சரக்கு அரைத்துக் கொடுத்தேன், இன்றைக்கு எழும்பி இருந்து கேட்டுச் சாப்பிட்டாள். அரிசி பைறோஸா கொண்டுவந்த இரண்டு கொத்து, அது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் காணும், ஆகவே சுணங்காதே. அவள் பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில், பழையதை எல்லாம் பேசித் தீர்ப்போம் என்று நான், "பிழை உங்கட ஆட்டிலதான் துடங்கினது, அதையும் மன்னிச்சிட்டன்" என்றேன். அவள் சிரிக்கிறாள். "எங்க வீட்டுல ஆடு ஈந்ததே இல்ல ஆச்சி. ஆட்டு முடி பட்டா வாப்பாக்கு மூச்சு இழுக்கும். ஒழுங்கையிலயே ஒரு ஆடுதான் ஈந்திச்சி. வெள்ள ஆடு. கயித்த அறுத்துக்கிட்டு எங்க வேலியால வந்து உம்மாட ரோசாச் செடியத் திங்கும், உம்மா ஒண்ணும் சொன்னதில்ல" என்றாள். நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வடகம் தின்ற ஆடு எங்களுடையது. அந்த ஆட்டை எனக்கு அனுப்பியது நீ. கட்டினால் நிற்காத ஆடு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் பீபியோடு சண்டை இல்லை, வீடு மாறியிருக்கமாட்டோம், மூட்டை நேரே என் கைக்கு வந்திருக்கும். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பீபிக்குக் கேட்கவேண்டியதைப் பைறோஸாவிடம் கேட்டுவிட்டேன். உன்னுடையதை நீ வந்து கேள், பிள்ளையையும் பார்த்ததாய் இருக்கும். வரும்போது அரிசி மூட்டையை நீயே கொண்டுவா. ஆடு வேண்டாம்.